1770களின் அறிமுகக் கடிதத்தில் தபால் முத்திரை இல்லை: போலியா?

தபால் முத்திரை இல்லை என்பதற்காக மட்டும், உங்களிடம் உள்ள 1770களின் லண்டன் அறிமுகக் கடிதத்தைப் போலி என்று ஒதுக்காதீர்கள். அறிமுகக் கடிதத்தில் அது இல்லாததுதான் இயல்பு.

அவை பெரும்பாலும் தபாலில் போகவில்லை. யாரை அறிமுகப்படுத்துகிறார்களோ, அவரே கையோடு கொண்டுபோய்க் கொடுப்பார். 1774-இல், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற தாமஸ் பெய்ன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, அப்போது லண்டனில் இருந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் இருந்த தன் மருமகனுக்கு எழுதிய கடிதம் அப்படிப்பட்டது. பெய்னுக்கு எழுத்தர், பள்ளியில் துணை ஆசிரியர், துணை நில அளவையர் என ஏதாவது ஒரு வேலை கிடைக்க உதவும்படி கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அது.

நீங்கள் பார்க்க வேண்டியவை:

1. தொடக்கத்தில் ‘இதைக் கொண்டுவருபவர்’ என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா?
2. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அக்காலத் தாள் பெரும்பாலானவற்றில் தாள் வார்க்கும் அச்சின் கம்பிக் கோடுகள் நெருக்கமாகத் தெரியும்.

மடித்த தடமும் முகவரியும் இல்லையென்றால், அனுப்பியவர் தனக்காக எழுதி வைத்துக்கொண்ட நகலாக இருக்கலாம். அப்புறம், பழைய வெற்றுத்தாளில் பின்னாளில் எழுதி விற்பவர்களும் உண்டு. அதனால் தாளை மட்டும் நம்பாமல், எழுதியவரின் கையெழுத்தை, ஆவணக் காப்பகங்களில் உள்ள அவருடைய கடிதங்களின் படிகளோடு ஒப்பிட்டுவிடுங்கள்.