கோப்பி வட்டமும் அரக்கு பாலிஷும்

கேள்வி: தாத்தாவின் தேக்கு மேசை, 1930களில் வாங்கியதாம். சூடான கோப்பிக் குவளையை வைத்ததில் மேலே வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது. பார்க்க வந்த தச்சர், எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் மாதிரியான வார்னிஷ்) அடிக்கலாம் என்கிறார். சரியா? – ஈசூன் வாசகி

பதில்: அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். சூட்டுக்கு இப்படி வெளுத்ததைப் பார்த்தால் அது அரக்கு பாலிஷாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அரக்கு மாளிகை கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே அரக்குதான். புரச மரத்தில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பதைச் சுத்தம் செய்து, செதில்களாக்கி, ஸ்பிரிட்டில் (எரிசாராயம்) கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிய பூச்சாகத் திரும்பத் திரும்ப ஏற்றினால் பிரெஞ்சு பாலிஷ். 19ஆம் நூற்றாண்டில்தான் இது இங்கிலாந்தில் பரவியது. அதற்கு முன் மகாகனி மேசைகளுக்கு ஆளி விதை எண்ணெயும் மெழுகும் போதும், அதனால் 18ஆம் நூற்றாண்டுச் சாமான் என்று சொல்லிக் கண்ணாடி மாதிரி பளபளப்பதைக் காட்டினால் அந்தப் பளபளப்பு பிற்பாடு வந்திருக்கலாம்.

முதலில் சோதியுங்கள். மேசைக் காலின் உட்புறத்தில், காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு சொட்டு ஸ்பிரிட். ஒரு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு. அசையவில்லை, ஆனால் லேக்கர் தின்னருக்கு (லேக்கர் பூச்சைக் கரைக்கும் திரவம்) கரைகிறது என்றால் 1920களில் புழக்கத்துக்கு வந்த நைட்ரோ செல்லுலோஸ் லேக்கர் பூச்சு.

அரக்கு என்றால் கவலையே வேண்டாம். பூச்சுக்குள் மாட்டிய ஈரம்தான் அந்த வெள்ளை. துணியில் ஸ்பிரிட் பட்டும் படாமலும் நனைத்து, வட்டத்தின் மேல் ஒரே வீச்சில் தடவிக் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஒரே இடத்தில் தேய்த்தால் பாலிஷே கையோடு வந்துவிடும். மழை நாளில் மட்டும் வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, இன்னும் வெளுக்கும். புது அரக்கு பழையதோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிறகு எந்த இடத்தையும் தனியாகச் சரிசெய்யலாம். பாலியூரித்தேன் அப்படி ஒட்டாது, உரிந்தால் முழுதாகச் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் போட்டால் 90 வருடத் தேக்கு நிறமும் போய்விடும்.

கேள்வி: பெரானாக்கான் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமூகம்) அலமாரியில் சிவப்பும் தங்கமுமாகச் செதுக்கல். ஈரத்துணியால் துடைக்கலாமா? – காத்தோங் வாசகர்

பதில்: கூடவே கூடாது, தங்கத் தகடு துணியோடு வந்துவிடும். மிருதுவான தூரிகையால் தூசி தட்டுங்கள், அவ்வளவுதான்.