பிட்ஸ்பர்க்: அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட ஊர்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். பிட்ஸ்பர்க்கில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் சற்றுக் குறைவு. இப்படிப்பட்ட நடுத்தர அளவு அமெரிக்க நகரத்தில் குடும்பத்தோடு வாழ்க்கை எப்படி இருக்கும்?

2014இல் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். அதற்கு முன் நான்கு வருஷம் நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தோம். தினமும் நியூயார்க்குக்கு ரயிலில் போக வர மூன்று மணி நேரம் போய்விடும். இப்போது வீட்டிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் கால் மணி நேரம். வேறு எதைப் பற்றிக் குறை சொன்னாலும், சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டுச் சொல்ல முடியவில்லை.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். 1950 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,76,806. 2020இல் 3,02,971. பலர் புறநகருக்குப் போனார்கள், இன்னும் பலர் எண்பதுகளில் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது பிழைப்புத் தேடி வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். ஆனால் அவர்களுக்காகக் கட்டிய சாலை, பாலம், பூங்கா, நூலகம், தண்ணீர்க் குழாய் எல்லாம் இங்கேயே நிற்கின்றன. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்டு திரிவதுபோல் இருக்கும். இங்கே எனக்குப் பிடித்தவை, எரிச்சல் தருபவை இரண்டுக்குமே பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் பிடித்தவை. கிரீன்ஃபீல்டு பகுதியில் 1920களில் கட்டிய ஒரு செங்கல் வீட்டை வாங்கினோம். மாதத் தவணை எடிசனில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுத்த வாடகையைவிடக் குறைவு. விலை இப்போது ஏறிவிட்டது, ஆனாலும் கடற்கரை நகரங்களில் இருந்து வருபவர்களுக்கு இன்னும் சிரிப்பு வரும் அளவில்தான் இருக்கிறது. இங்கே ஓக்லாந்து பகுதியில் இருக்கும் பெரிய நூலகம் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி கட்டிக்கொடுத்தது, 1895இல் திறந்தது, வாசலுக்கு மேலே 'மக்களுக்கு இலவசம்' என்ற பொருளில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதே கட்டடத் தொகுதியில்தான் டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கும் அருங்காட்சியகமும் இருக்கிறது. மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் பூராவும் எங்களுக்கு அங்கேதான் கழிந்தன. கொஞ்ச தூரத்தில் 1893இல் திறந்த ஃபிப்ஸ் கண்ணாடித் தோட்டம். வெளியே பனி கொட்ட, உள்ளே வாழை மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். 644 ஏக்கர் ஃபிரிக் பூங்கா காடு மாதிரி இருக்கும், மகள் சைக்கிள் கற்றது அங்கே. (1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர்களுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திய கூலிப்படையைப் படகில் வரவழைத்தவர் அதே ஃபிரிக்தான், அப்போது அவருக்கு முதலாளி அதே கார்னகிதான். அவர்கள் விட்டுப்போன சொத்தை அனுபவிக்கும்போது இது அவ்வப்போது உறுத்தும், பிறகு மறந்துபோகும்.)

இப்போது சட்டையின் கிழிசல். அந்தப் பூங்காவின் ஓரத்தில் ஒரு பள்ளத்தின் மேல் ஃபெர்ன் ஹாலோ பாலம் இருந்தது. நாங்கள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதில் போவோம். 2022 ஜனவரி 28 காலையில், விடிவதற்கு முன், அது அப்படியே பள்ளத்தில் விழுந்தது. மேலே ஒரு நீண்ட பஸ்ஸும் சில கார்களும் இருந்தன. உயிர்ச்சேதம் இல்லை, அது அதிர்ஷ்டம்தான். வேடிக்கை என்னவென்றால், சாலை பாலங்களுக்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேச அப்போதைய அதிபர் பைடன் அன்றைக்குத்தான் இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தார். புதுப் பாலம் அந்த வருஷம் டிசம்பருக்குள் வந்துவிட்டது. ஊரில் 446 பாலங்கள் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள், நானும் ஊரிலிருந்து வந்த மாமனாரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த எண்ணைக் கேட்டால் பராமரிப்புச் செலவுதான் ஞாபகம் வருகிறது.

அந்தச் செலவை யார் தருவது? நகர எல்லைக்குள் குடியிருந்தால் சம்பளத்தில் 3 சதவீதம் உள்ளூர் வரி, அது பென்சில்வேனியா மாநிலத்தின் 3.07 சதவீத வருமான வரிக்கு மேல் தனி. ஊரின் பெரிய முதலாளிகள் இப்போது மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும்தான்; இலாப நோக்கமற்றவை என்பதால் அவற்றின் பெரும்பாலான கட்டடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. ஆக மிச்சம் இருக்கிற வீட்டுக்காரர்கள் தலையில் விழுகிறது. புறநகர்களில் சம்பள வரி குறைவு, பள்ளிகளும் நன்றாக இருக்கும் என்று நம் ஆட்கள் பலர் அங்கே போய்விடுகிறார்கள். போனால் காரை நம்பித்தான் வாழ வேண்டும், பிறகு எடிசனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

குழாய் விஷயமும் சொல்ல வேண்டும். 2016இல் இங்கே குடிநீரில் ஈயத்தின் அளவு மத்திய அரசின் வரம்பைத் தாண்டியது. பழைய வீடுகளுக்குப் போகும் குழாயே ஈயம், அதுதான் காரணம். அதற்குப் பின் தெருத்தெருவாகத் தோண்டி மாற்றுகிறார்கள், எங்களுக்கும் மாற்றிவிட்டார்கள். அது மாறும் வரை இரண்டு வருஷம் வடிகட்டித்தான் குடித்தோம், சமைத்தோம். அப்புறம் பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் தளம். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் பேஸ்மென்ட் நடுவில் சுவரும் இல்லாமல் கதவும் இல்லாமல் ஒரு டாய்லெட் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். ஆலையிலிருந்து கரியோடு வருபவர்கள் அங்கேயே கழுவிக்கொண்டு மேலே வர வைத்தது என்பார்கள். சாக்கடைத் தண்ணீர் குழாயில் எதிர்த்து வந்தால் மேலே வீட்டுக்குள் வராமல் அதன் வழியாக வழியட்டும் என்று வைத்தது என்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டாவது கதைதான் ஒருநாள் நிஜமானது. சரிசெய்ய வந்த ஒப்பந்தக்காரர் பாதி வேலையில் காணாமல் போனார், மீதியை யூடியூப் பார்த்து நானே முடித்தேன். அழகாக இல்லை, ஆனால் ஒழுகவில்லை.

காற்றைப் பற்றி யாரும் உங்களிடம் நேர்முகத் தேர்வில் சொல்ல மாட்டார்கள். எஃகு போய்விட்டது என்பது முழு உண்மை இல்லை. தெற்கே மோனங்கஹீலா ஆற்றங்கரையில் கிளேர்ட்டனில் கோக் ஆலை (எஃகு உலைக்காக நிலக்கரியைச் சுட்டு எரிபொருள் செய்யும் இடம்) இன்னும் ஓடுகிறது, பிராடக்கில் 1875 முதல் இருக்கும் எஃகு ஆலையும் ஓடுகிறது. காற்று அசையாத விடியலில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பும் மூடி போட்டதுபோல் நின்றுவிட்டால், புகை முழுக்கப் பள்ளத்தாக்கில் தேங்கும். ஜன்னலைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே 'ஸ்மெல் பி.ஜி.எச்.' என்று ஒரு ஆப் செய்திருக்கிறார்கள், நாற்றம் அடித்தால் அதில் பதியலாம். என் மனைவி அதில் பழுத்த அனுபவசாலி. பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் வீடு பார்க்கும்போது யோசியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கும், அதற்கு வைட்டமின் டி மாத்திரை தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நம்மூர் சாமான், சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். எடிசன் மாதிரி தெருவுக்குத் தெரு கிடைக்காது, ஆனால் கறிவேப்பிலை கிடைக்கும். பென் ஹில்ஸ் குன்றின் மேல் இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில் எழுபதுகளில் கட்டியது, அமெரிக்காவின் பழைய கோயில்களில் ஒன்று. சாமி கும்பிடாதவர்களும் புளியோதரைக்காகப் போவதுண்டு. சென்னைக்குப் போகத்தான் பாடு, பெரும்பாலும் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். வயதான பெற்றோர் தனியாக வருவதென்றால் நாங்கள் நியூ ஜெர்சியில் நியூவர்க் விமான நிலையத்துக்கே காரில் போய்க் கூட்டி வந்துவிடுவோம்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு. இங்கே ஒவ்வொரு துறைக்கும் மூன்று நான்கு முதலாளிகள்தான். 2022 அக்டோபரில் இங்கே தலைமையகம் வைத்திருந்த தானோட்டிக் கார் நிறுவனம் ஒன்று மூடப்பட்டது. எச்1பி விசாவில் இருந்த நண்பர் ஒருவருக்கு 60 நாள் அவகாசம், அதற்குள் இதே ஊரில் வேறு இடம் அமையவில்லை, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டெக்சாஸ் போனார். நியூ ஜெர்சியில் வேலை போனால் ரயில் நிலையம் மாறும், இங்கே ஊரே மாறும். கிரீன் கார்டு கையில் இல்லையென்றால் முதல் வருஷமே வீடு வாங்காதீர்கள்.

இன்னொன்று. 1985இல் ஒரு புகழ்பெற்ற தரவரிசைப் புத்தகம் 'அமெரிக்காவிலேயே வாழச் சிறந்த ஊர்' என்று இதற்குப் பட்டம் கொடுத்தது. வேலை போன எஃகுத் தொழிலாளிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம் அது. இந்த ஊரில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற குடியிருப்பின் கீழ்ப்பகுதியை ஐம்பதுகளில் இடித்து, சுமார் 8,000 பேரை, அதிலும் பெரும்பாலும் கறுப்பர்களை, வெளியேற்றிவிட்டு ஒரு அரங்கம் கட்டினார்கள். இன்றைக்கு அந்த அரங்கமும் இல்லை. என்னைப் போல பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்கிறவன் 'நல்ல ஊர்' என்று சொல்வதை அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வருவதா வேண்டாமா? உங்கள் மனைவிக்கும் இங்கே ஒரு வேலை அமையும் என்றால் வாருங்கள், குறைகிற சம்பளம் வாடகையிலேயே சரியாகிவிடும். சிக்னல் பச்சையானதும் எதிரில் இருப்பவர் இடப்பக்கம் திரும்பி உங்களை முந்தினால் ஹார்ன் அடிக்காதீர்கள், இந்த ஊரில் முதல் வண்டிக்கு அப்படி வழிவிடுவது மரியாதை. தெருவில் யாராவது நாற்காலி போட்டுப் பார்க்கிங் பிடித்து வைத்திருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். வீடு பார்க்க வெயில் நாளில் வராமல், பெருமழை பெய்த மறுநாள் வாருங்கள். சமையலறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கி முகர்ந்து பாருங்கள்.