நாலு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜிஎஸ்டி ஃபைலிங் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் 11 போட்ட 8 ஜிபி லேப்டாப்பில் எக்செல், டேலி, பிரவுசர் என்று எப்போதும் பதினைந்து விண்டோ திறந்து கிடக்கும். நண்பனின் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பே பெட்டி மாதிரி சுழல்கிறது, விண்டோவை இழுத்தால் ஜவ்வு மிட்டாய் போல வளைகிறது. என் லேப்டாப்பிலும் அப்படிச் செய்ய முடியுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கூட்டம் குறைய வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், அப்படித்தானே? முதலாவதற்குக் காசும் வேண்டாம், டவுன்லோடும் வேண்டாம். விண்டோஸ் 10 வந்த 2015-லிருந்தே விர்ச்சுவல் டெஸ்க்டாப், அதாவது ஒரே திரையில் தனித்தனியாகப் பல டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளும் வசதி, உள்ளேயே இருக்கிறது, பாதிப் பேர் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் கீயையும் கன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு டி தட்டினால் புது டெஸ்க்டாப் வரும், அதே இரண்டையும் பிடித்தபடி இடது வலது அம்புக்குறியைத் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், எஃப்4 தட்டினால் அந்த டெஸ்க்டாப் மூடிக்கொள்ளும். உள்ளே இருந்த விண்டோக்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும், பயம் வேண்டாம். எக்செலும் டேலியும் ஒன்றில், போர்ட்டல் திறந்த பிரவுசர் இன்னொன்றில், வாட்ஸ்அப் மூன்றாவதில் என்று பிரித்து, ஆளுக்கொரு வால்பேப்பர் போட்டுவிடுங்கள். எங்கே இருக்கிறோம் என்பது ஒரு பார்வையில் தெரியும். கால்குலேட்டர் மாதிரி எல்லா இடத்திலும் வேண்டியது இருந்தால், விண்டோஸ் கீயும் டாபும் தட்டி, அந்த விண்டோவின் மேல் ரைட் கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டச் சொல்லிவிடலாம்.

ஒரு ஏமாற்றமும் உண்டு. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருக்கும் ஐகான்களும் ஃபைல்களும் எல்லாவற்றிலும் ஒன்றேதான். பிரிவது விண்டோ மட்டும்.

சுழலும் பெட்டி விண்டோஸில் கிடையாது. உங்கள் நண்பர் வைத்திருப்பது அநேகமாக லினக்ஸாக, அதாவது விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமாக, இருக்கும். 2006-ல் காம்பிஸ் என்ற புரோகிராம் வந்தபோது இந்தக் கனசதுரமும் வளையும் விண்டோவும்தான் லினக்ஸ்காரர்களின் பந்தா. நானும் அந்தக் காலத்தில் கிராபிக்ஸ் டிரைவரை (படம் வரையும் சிப்பை இயக்கும் மென்பொருளை) எடக்குமடக்காக மாற்றி வைத்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விண்டோஸிலும் அதைக் கொண்டுவருகிறேன் என்று ஏதோ தளத்தில் கிடைக்கும் தீம் பேக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள், அதுவும் வாடிக்கையாளர் கணக்கு இருக்கிற லேப்டாப்பில்.

கேள்வி: நாலு டெஸ்க்டாப் வைத்தால் மெமரி நாலு மடங்கு தின்னுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தின்னாது. மெமரி எடுப்பது திறந்திருக்கும் புரோகிராம்தான், டெஸ்க்டாப் என்பது எதைக் காட்டுவது எதை மறைப்பது என்ற கணக்கு மட்டுமே. ஆனால் ஒரு வழுக்கல் இருக்கிறது: கண்ணில் படாததால் எதையும் மூடாமல் விட்டுவிடுவோம், அப்புறம் 8 ஜிபி எங்கே போனது என்று தேடுவோம். லேப்டாப் இழுத்து இழுத்து ஓடினால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் விஷுவல் எஃபெக்ட்ஸ் பக்கம் போய், அனிமேஷனையும் கண்ணாடி போன்ற டிரான்ஸ்பரன்சியையும் அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருக்கிறேன், அதில் டெஸ்க்டாப்பைக் காட்டுவது கேடிஇ பிளாஸ்மா 6. கனசதுரம் எங்கே? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். 2021-ல் பிளாஸ்மா 5.23-ல் அதைத் தூக்கிவிட்டார்கள், 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6-ல் திரும்ப வந்துவிட்டது. முதலில் சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை நாலாக்குங்கள், இல்லாவிட்டால் சுழற்றப் பக்கமே இருக்காது. பிறகு டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் பக்கத்தில் கியூபை டிக் செய்து, மெட்டா கீயும் (விண்டோஸ் படம் போட்ட கீதான்) சியும் தட்டுங்கள். ஜவ்வு மிட்டாய் எஃபெக்டும் அதே பக்கத்தில் வாபிளி விண்டோஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு விண்டோவையும் தனிப் படமாக வரைந்துகொண்டு கிராபிக்ஸ் சிப் அதை வளைக்கிறது, அதனால் பழைய சிப்பாக இருந்தாலும் டிரைவர் ஒழுங்காக இருந்தால் போதும். விண்டோ திக்கித் திக்கி ஆடினால் டிரைவரைத்தான் முதலில் பாருங்கள்.

கேள்வி: மேனேஜர் வரும்போது டக்கென்று வேறு டெஸ்க்டாப்புக்கு மாறினால் தெரியுமா? (பெயர் வேண்டாமே!)

பதில்: திரையில் தெரியாது. பாட்டு மட்டும் அந்த டெஸ்க்டாப்பிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும்.