அம்மா வீட்டில் பிரிக்காமல் கிடக்கும் கவர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். நான் வெளிநாட்டில், தம்பி வேறு ஊரில். போன வாரம் போனபோது மேஜை இழுப்பறை நிறையப் பிரிக்காத கவர்கள். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டச் சொல்லி வந்த 2 கடிதங்களும் அதில்தான் கிடந்தன. கெடு முடிந்து 3 வாரம் ஆகிவிட்டது. இனி தபாலையெல்லாம் என் முகவரிக்கு மாற்றி, நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு நானே கவனித்துக்கொள்ள நினைக்கிறேன். அம்மாவோ, "அப்போ நான் எதுக்கும் லாயக்கில்லாதவளா ஆயிட்டேனா?" என்று கேட்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் பாலிசி. இன்றே நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். கெடு தாண்டிய பிறகும் பல நிறுவனங்கள் சில நாட்கள் சலுகை தரும். அதுவும் முடிந்திருந்தால் புதுப்பிக்க வழி உண்டா என்று கேளுங்கள். அதற்குள் அவசரப்பட்டு வேறு புது பாலிசி எடுத்துவிடாதீர்கள். இந்த வயதில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடலாம். போன் செய்யும்போது அம்மாவையும் லைனில் வைத்துக்கொள்ளுங்கள். மகன், மகள் என்று சொன்னால் மட்டும் அவர்கள் பேச மாட்டார்கள். பாலிசிதாரரின் சம்மதம் கேட்பார்கள்.

உங்கள் உண்மையான சிக்கலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. காகிதம் யார் வீட்டுக்கு வருகிறது என்பது சின்ன விஷயம். அம்மா சார்பில் பேச, கையெழுத்துப் போட உங்களுக்கு முறையான அதிகாரம் உண்டா என்பதுதான் பெரிய விஷயம். அதை அம்மா தெளிவாக இருக்கும்போது அவர் கையால் மட்டுமே வாங்க முடியும்.

பாஸ்வேர்டு வாங்கிவைத்துக்கொள்வது அதிகாரம் ஆகாது. ஓடிபி அம்மாவின் போனுக்கு வரும், நீங்கள் தூரத்திலிருந்து கேட்க, அவர் படித்துச் சொல்வார். பாசத்தோடு நடந்தாலும், போனில் யாராவது கேட்டால் எண்ணைச் சொல்லலாம் என்று அவரைப் பழக்கிவிடுகிறீர்கள். மோசடிக்காரர்கள் கேட்பதும் அதே எண்ணைத்தான். வங்கியிடம் கேட்டால், கணக்கை இயக்க உங்களுக்குத் தனி அனுமதி தரும் படிவம் இருக்கும். கூட்டுக் கணக்கு தொடங்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் நாளை அந்தப் பணம் யாருடையது என்று தம்பி கேட்டால் பதில் சுலபமாக இருக்காது. எதைச் செய்தாலும் தம்பிக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அம்மா தன் சார்பில் செயல்பட உங்களுக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை எழுதும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மறதி நோய் வந்தால் உதவும் என்று நம்பித்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-வது பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில் செல்லாது! இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் சட்டமும் திறன் போன பிறகும் நீடிக்கும் பத்திரத்துக்கு வழி செய்திருக்கின்றன. ஆனால் அதை எழுதும்போது தெளிவு இருக்க வேண்டும். ஆகவே அம்மா வசிக்கும் நாட்டில், அவருக்குச் சொத்து உள்ள இடத்தில், எது செல்லும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இறப்புக்குப் பிறகு எந்தப் பவரும் செல்லாது; அங்கே பேசுவது உயில்தான்.

இனி தபால். எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், உடனே 'பேப்பர்லெஸ்' ஆக்கிவிடவும் வேண்டாம். என் அப்பா விஷயத்தில் நான் அப்படித்தான் செய்தேன். கடிதங்கள் நின்றன, மின்னஞ்சல்கள் அவர் திறக்காத பெட்டியில் குவிந்தன. முதிர்ந்துபோன ஒரு வைப்புத்தொகை ஒன்றரை வருடம் யாரும் தொடாமல் கிடந்தது. சொத்து வரி, காப்பீடு, வட்டிச் சான்று போன்றவை வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். ஒரு முழு வருடம் வரும் கவர்கள்தான் அம்மாவுக்கு எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்டையும் அதோடு ஒத்துப் பாருங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு, தவறினால் கடிக்கும் நாலைந்தை மட்டும் தானாகக் கட்டும்படி அமைத்து, தகவல் நகல் உங்களுக்கும் வரச் செய்யுங்கள். மற்றவை அம்மா வீட்டுக்கே வரட்டும். வங்கியில் பதிவான போன் எண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, மனம் கனத்துத்தான் சொல்கிறேன். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் கடன் பதிவுகளைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பின்னாளில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், கண்டறியப்பட்டவர்களில், அதற்கு 6 வருடம் முன்பிருந்தே பணம் கட்டும் கெடு தவறுவது கூடியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கண் மங்கியிருக்கலாம், எழுத்து பொடியாக இருக்கலாம், சலிப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே பில்லை இரண்டு முறை கட்டியிருக்கிறாரா, பரிசு விழுந்ததாக வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், பத்திர வேலையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். "இனி நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, எது எங்க இருக்குன்னு சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். அது உண்மையும்கூட. வாரத்தில் ஒரு நாள் வீடியோ காலில் அவரே கவரைப் பிரித்துக் காட்டட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கால், அந்த இழுப்பறையில் மிச்சமிருக்கும் கவர்களுக்கு.