மாலேயில் இறங்காமல் போகலாமா?

வணக்கம் அண்ணா,

முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் ஆசிரியர்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கேயாவது வெளிநாடு போவோம் என்று கதைத்துக் கதைத்துக் கடைசியில் மாலைதீவு என்று முடிவெடுத்திருக்கிறோம். விசாவுக்கு அலையத் தேவையில்லை என்பதுதான் முதற்காரணம். பயண முகவரிடம் கேட்டால், "தலைநகர் மாலேயில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரே சனநெரிசல், விமான நிலையத்திலிருந்து நேரே ரிசார்ட்டுக்குப் படகில் ஏறுங்கோ" என்கிறார். அவர் சொல்லும் ரிசார்ட்டின் வாடகையைக் கேட்ட பிறகு எங்களுக்கு இரண்டு நாள் நித்திரை வரவில்லை. நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் மாலே போனதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள், பிறகு அதைப்பற்றி ஒன்றும் காணோம். உண்மையிலேயே அங்கே பார்க்க ஒன்றுமில்லையா? எந்த மாதம் போகலாம்? இன்னொன்று, அம்மாவும் வரப்போகிறேன் என்கிறா. அவ வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடமாட்டா. கூட்டிக்கொண்டு போகலாமா?

க. நி.
முள்ளியவளை

அன்புள்ள தம்பி,

முகவர் சொன்னது அவருடைய தொழிலுக்குச் சரி. நீங்கள் மாலேயில் தங்கினால் அவருக்குக் கிடைக்கும் தரகு சொற்பம். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்றும் இல்லை. நெரிசல் உண்மைதான். மோட்டார் சைக்கிள்காரர் நடைபாதையையும் விட்டுவைப்பதில்லை. நான் தங்கிய விடுதியின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். பழைய மாலே தீவு இரண்டு சதுர கிலோமீற்றர் அளவுதான். இரணைமடுக் குளம் நிரம்பி நிற்கும்போது அதற்குள் பல மாலேக்களை இறக்கி வைக்கலாம். 2022 கணக்கெடுப்பின்படி மாலைதீவில் வசிப்பவர்கள் 5 இலட்சத்துக்குச் சற்று மேல், அதில் ஐந்தில் இரண்டு பேர் மாலே மாநகர எல்லைக்குள் இருக்கிறார்கள். பக்கத்தில் கடலை நிரப்பி உண்டாக்கிய ஹுல்ஹுமாலேயையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இப்படி அடைந்து கிடக்கிற ஊரில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று பட்டியல் போட்டால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆனாலும் இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள் என்றுதான் சொல்லுவேன். வெள்ளை மணலும் நீலக்கடலும் மட்டும் வேண்டுமென்றால் உங்களுக்கு நாயாறு பக்கத்தில் இருக்கிறது, காசும் மிச்சம். மாலேயில் இருப்பது வேறு. நம்முடைய பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊரோடு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு, நல்லதும் கெட்டதுமாக, நமக்குத்தான் அது மறந்துபோய்விட்டது.

மீன் சந்தையில் தொடங்குங்கள். வடக்குக் கரையில், துறைமுகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. காலையில் போகவேண்டாம், பின்னேரம் போங்கள், தோணிகள் வந்துசேரும் நேரம் அது. வலை போட்டு அள்ளிய மீன் இல்லை, தூண்டில் தடியால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுத்த சூரை. நிலத்தில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். பக்கத்து மேசைகளில் கத்திக்காரர் ஒரு மீனைப் பிளந்து முள்ளெடுத்துக் கொடுக்கும் வேகத்தைப் பார்க்க நான் திரும்பத் திரும்பப் போனேன். அப்புறம் அடுத்த கட்டடத்தில் மாசி விற்கும் கடைகள். நம்முடைய வீட்டில் சம்பலுக்கு இடிக்கிற அதே மாசி. உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து வருவது.

இந்த மாசியில் ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள். 1970களின் தொடக்கம் வரைக்கும் மாலேயின் மாசிக்குப் பெரிய சந்தை இலங்கைதான். கொழும்பில் மாசியைக் கொடுத்து அரிசியும் சாமானும் வாங்கிப் போவார்கள். சிறிமாவோ அரசு அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதிகளை இறுக்கியபோது அந்த வியாபாரம் விழுந்தது. அதே இறுக்கத்தால் இங்கே என்ன நடந்தது என்று உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் செத்தல் மிளகாய்க்கு வந்த விலை, அந்தக் காசில் எழுந்த கல்வீடுகள், வாங்கின உழவு இயந்திரங்கள் — வன்னியில் மூத்தவர்கள் இன்றைக்கும் அதைப் பொற்காலம் என்றுதான் கதைப்பார்கள். நாங்கள் நிமிர்ந்த அதே சட்டத்தில் மாலேக்காரர் விழுந்தார்கள். பிறகு அவர்கள் மீனைப் பச்சையாகவே குளிரூட்டி வேறு நாடுகளுக்கு விற்கப் பழகினார்கள், 1972இல் முதல் சுற்றுலா விடுதியையும் திறந்தார்கள். சுற்றுலாவுக்கு இதுதான் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, வெள்ளைக்காரருக்கு வெயில் வேண்டியிருந்தது என்பதும் காரணம். ஆனால் உங்கள் முகவர் விற்கிற ரிசார்ட்டின் பின்னால் நம்முடைய மிளகாய்த் தோட்டமும் ஒரு மூலையில் நிற்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இனிக் கெட்டது. மீன் சந்தையிலிருந்து கரையோரமாகக் கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் குடியரசுச் சதுக்கம் வரும், பெரிய கொடி பறக்கும், புறாக்கள், பின்னேரத்தில் குடும்பமாக வந்து இருப்பார்கள். பக்கத்தில் படைத் தலைமையகம். 1988 நவம்பர் 3 விடியமுன் புளொட் என்ற இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த எண்பது பேரளவில் படகில் வந்திறங்கித் தாக்கினது அந்தத் தலைமையகத்தைத்தான். அப்துல்லா லுதுஃபி என்ற மாலைதீவு வியாபாரி ஆட்சியைக் கவிழ்க்க அவர்களை அழைத்து வந்திருந்தார். ஜனாதிபதி மாமூன் அப்துல் கையூம் ஒளிந்துகொண்டு இந்தியாவிடம் உதவி கேட்க, அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்துவந்த பரசூட் படையினர் விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயில் இறங்கினார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினர் பணயக்கைதிகளோடு ஒரு கப்பலில் ஓட, இந்தியக் கடற்படை நடுக்கடலில் மடக்கியது. பத்தொன்பது பேர் செத்தார்கள்.

இங்கே அது இந்தியப் படை நின்ற காலம். நமக்கு நம்முடைய சாவுகளே தலைக்கு மேலே இருந்தன, மாலேயில் நடந்ததைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிட்டோம். அவர்கள் அப்படி விடவில்லை. நவம்பர் 3 அங்கே வெற்றி நாள், பொது விடுமுறை. நான் போனபோது யாரும் என்னிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இலங்கை என்றால் ஆசிரியர், கணக்காளர், வைத்தியத்துக்குக் கொழும்பு போனது, இப்படித்தான் கதை போகும். இருந்தாலும் வவுனியாவில் முகாம் போட்டிருந்த ஒரு இயக்கத்தின் பொடியன்கள் கூலிக்கு வந்து சுட்ட இடம் அது என்று தெரிந்துகொண்டு அந்தச் சதுக்கத்தில் நின்று படம் எடுப்பதற்கும், தெரியாமல் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் தெரிந்துதான் போனேன், படம் எடுக்க மனம் வரவில்லை. உங்கள் வயதுக்கு அது வேறாக இருக்கலாம்.

சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிற ஹுகுரு மிஸ்கி என்ற பழைய ஜும்ஆப் பள்ளியைத் தவற விடாதீர்கள். 1658இல் கட்டி முடித்தது, முழுக்கப் பவளப்பாறைக் கல். கடலிலிருந்து எடுக்கும்போது மென்மையாக இருக்கும் கல்லை அறுத்து, காயவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி எழுப்பியிருக்கிறார்கள், சாந்து இல்லை. சுவரில் செதுக்கு வேலை மரத்தில் செய்தது என்று நினைக்க வைக்கும். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக அனுமதி எடுக்கவேண்டும், வெளியில் நின்று பார்த்தாலே போதும். இந்த ஊரில் 1343 அளவில் நீதிபதியாக இருந்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா; பெண்களை மேலாடை அணிய வைக்க முயன்று தோற்றதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து கிளம்பி 1344இல் இலங்கைக்கு வந்தவர், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து அவருடைய உதவியோடு சிவனொளிபாதமலைக்குப் போனார். தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். இஸ்லாம் வருவதற்கு முந்திய பௌத்த காலத்துப் பவளக்கல் சிலைகள் அங்கே இருந்தன. 2012 பெப்ரவரியில் ஒரு கும்பல் புகுந்து பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டது. சிலை உடைப்பதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் இதை இதோடு விடுகிறேன்.

தெற்கும் கிழக்கும் நடந்தால் கடலோரம் முழுக்க நாலுகால் கொங்கிரீட் கட்டைகள் குவித்திருப்பதைக் காண்பீர்கள். 1987இல் பேரலை வந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்த பிறகு ஜப்பான் உதவியோடு கட்டிய கடற்சுவர் அது. 2004 டிசம்பர் 26 அன்று மாலேக்குள்ளும் கடல் வந்தது, ஆனால் சுவர் நின்றதால் ஊர் தப்பியது. தென்கிழக்கு மூலையில் சுனாமி நினைவுச்சின்னம் இருக்கிறது. முழு மாலைதீவிலும் செத்தவர்களும் காணாமற்போனவர்களும் நூற்றுச்சொச்சம் பேர். முல்லைத்தீவுக்காரருக்கு அந்த எண்ணைக் கேட்டதும் வயிற்றுக்குள் ஏதோ செய்யும், உங்களுக்கும் செய்யும், அதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ஆனால் சுவரைப் பாருங்கள். பின்னேரத்தில் அங்கே பொடியன்களும் பெட்டைகளும் கடலைப் பார்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள். நம்முடைய கரையில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நான் யோசித்தது உண்மை, பிறகு நம்முடைய கரை நீளத்தையும் நினைத்துப் பார்த்தேன்.

சரி, செயல்முறைக்கு வருவோம். கட்டுநாயக்காவிலிருந்து விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடும், நீங்கள் கட்டுநாயக்கா போகிற இரவு பஸ்தான் பெரிய பயணம். இறங்கியதும் 30 நாள் விசா இலவசமாகத் தருவார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம் பதிந்த கடதாசி, கடவுச்சீட்டு போதும். போவதற்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் 'இமூகா' படிவம் நிரப்ப வேண்டும், அதை மறந்தால் விமான நிலையத்தில் நின்று முழிப்பீர்கள். நம்முடைய நேரத்தைவிட அங்கே அரை மணித்தியாலம் பின்னால். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 2018இல் திறந்த பாலத்தால் பஸ்ஸில் போகலாம், ஆனால் முதல் தடவை படகில் போங்கள். பத்து நிமிடம்தான், ஊர் முழுக்க ஒரே பார்வையில் எழுந்து வரும்.

ரிசார்ட்டைக் கைவிட்டால் நீலக்கடல் கிடைக்காது என்றும் இல்லை. 2009ஐ ஒட்டித்தான் சாதாரண மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விடுதி நடத்த அனுமதி வந்தது, அதற்கு முன் ஆளில்லாத தீவுகளில் மட்டும்தான். மாலேயில் இரண்டு இரவு இருந்துவிட்டு அப்படியான ஒரு தீவான மாஃபுஷிக்குப் படகெடுத்துப் போங்கள், ரிசார்ட் காசில் ஒரு பங்கும் வராது. பச்சை வரி என்று ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு டொலர் என்று எடுப்பார்கள், அறை வாடகைக்குள் அது அடங்குமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. காலபோக அறுவடை முடித்துப் போனால் கையிலும் காசு இருக்கும். ஆனால் இந்த வருடங்களில் நோன்பு மாதம் அந்தக் காலத்தோடுதான் வந்து விழுகிறது, நோன்பில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டு. நாள்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அம்மாவின் விஷயம்தான் சிக்கல். அங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி மதியம் தொழுகை முடியும்வரை ஊரே மூடிக்கிடக்கும், அரச படகுகளும் அன்று ஓடாது. காலைச் சாப்பாடே மஸ் ஹுனி, அதாவது மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் தேசிக்காயும் பிசைந்து ரொட்டியோடு தருவது. உங்களுக்கு அமிர்தம், அம்மாவுக்கு வெள்ளிக்கிழமையில் பட்டினி. தேத்தண்ணிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பலகாரத்தில் பாதிக்கு மேல் உள்ளே மீன்தான், வெளியில் பார்த்தால் தெரியாது. மாலேயில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, தோசை கிடைக்கும், ஆனால் வெள்ளி மதியம் அதையும் நம்பமுடியாது. ஆகவே ஞாயிறு போய் வியாழன் திரும்புங்கள், பிரச்சினை தீர்ந்தது. அவவின் கைப்பையில் சின்னப் பிள்ளையார் சிலை ஏதும் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், வழிபாட்டுச் சிலைகளைச் சுங்கத்தில் உள்ளே விடமாட்டார்கள். மாலேயின் மோட்டார் சைக்கிள் சத்தத்தில் அவவுக்குத் தலையிடி வந்தால் வில்லிமாலேக்குப் படகில் கூட்டிப்போங்கள், பக்கத்துத் தீவு, கார் ஓடாது, மரநிழல் இருக்கிறது.

அவவிடம் கடவுச்சீட்டு இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். வவுனியாவிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தலைமை அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லை வரைக்கும் அவவை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.