ஆய்வு நிதி: சித்தூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் 16 வருஷம் வேலை பார்த்தேன். நான் ஆய்வாளர் கிடையாது. ஆய்வாளர்கள் கொண்டுவரும் ப்ரொபோசலைச் சரிபார்த்து, கையெழுத்துகள் வாங்கி, கடைசி நாள் ராத்திரி போர்ட்டல் திணறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்றதும் சொந்த ஊர்ப் பக்கமே, சித்தூர் தாலுகாவுக்கு வந்துவிட்டேன். இது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூருக்குக் கடிதம் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஆய்வு நிதி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வேலந்தாவளத்திலிருந்து மூணாறு வரை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அக்கா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகப் போன வருஷம்தான் சேர்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது? சீனியர்கள் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) மைனர் புராஜெக்ட் போடு என்கிறார்கள்.

ப: சீனியர்கள் சொல்வது அவர்கள் காலத்துக் கதை, தம்பி. யூ.ஜி.சி.யின் மைனர் புராஜெக்ட்டில் புது அழைப்பு வந்து பல வருஷம் ஆகிறது. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

முதலில் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் கல்லூரிக்கு யூ.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின்படி மத்திய நிதி பெறும் அங்கீகாரம் இருக்கிறதா? மத்திய அரசின் பல திட்டங்களில் இதைக் கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் நகல் கையில் இல்லாமல் கடைசி நாளில் பீரோ பீரோவாகத் தேடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஏ.என்.ஆர்.எஃப்., அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பு. முன்பு செர்ப் (அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) என்று இருந்ததை 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கென்றே பிரதமர் பெயரில் தொடக்கநிலை ஆய்வு நிதித் திட்டம் ஒன்று அதில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 60 லட்சம் வரை, ஓவர்ஹெட் (நிறுவனத்தின் பொதுச் செலவுக்கான தொகை) தனி. வயது வரம்பு 42, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல் நிரந்தர வேலையின் ஆரம்ப வருஷங்களில் மட்டும்தான் போடலாம், அதனால் "முதலில் செட்டில் ஆகிக்கொள்கிறேன்" என்று தள்ளிப் போடாதீர்கள். கூடவே கேரள அறிவியல் தொழில்நுட்பச் சுற்றுச்சூழல் கவுன்சிலின் அறிவியல் ஆய்வுத் திட்டத்தையும் பாருங்கள். தொகை சிறியதுதான், ஆனால் முதல் புராஜெக்ட் நடத்திப் பழக அது போதும்.

கே: வீடு பொள்ளாச்சி, வேலை பாலக்காட்டில். எந்த மாநிலக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும்?

ப: வேலை பார்க்கும் நிறுவனம் எங்கே நிற்கிறதோ அந்த மாநிலம். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் வரும், உங்கள் கணக்குக்கு வராது. ஆதார் அட்டையில் என்ன முகவரி இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே உங்களுக்குக் கேரளக் கவுன்சில். தலைகீழாக, பொள்ளாச்சியில் வேலை, பாலக்காட்டில் வீடு என்றால் தமிழ்நாடு கவுன்சில். எல்லைச் செக்போஸ்ட்டைத் தினமும் இரண்டு முறை கடப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது சகஜம்.

கே: எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றி ப்ரொபோசல் அனுப்பினேன். "புதுமை இல்லை" என்று ஒரு வரியில் திருப்பிவிட்டார்கள். ஊரே இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, இதில் புதுமை என்ன வேண்டிக்கிடக்கிறது?

ப: கோபம் நியாயம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன், திருப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் பக்கம் முழுக்க "நீர் மனித வாழ்வின் ஆதாரம்" என்று போகிறது. ஃபுளோரைடு கூடினால் பல்லுக்கும் எலும்புக்கும் கெடுதல் என்பது இரண்டாம் பக்கம். உங்கள் ஊரின் பெயர் நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. மதிப்பீட்டாளர் மேசையில் உங்களுடையது போல இன்னும் முப்பது கட்டு இருக்கும். நான்காம் பக்கம் வரைக்கும் அவர் வந்தாரா என்பதே சந்தேகம்.

இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளில் பல வீடுகள் இன்னும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கின்றன. முன்னோட்டமாக நாங்கள் அளந்தபோது, ஒரே தெருவில் ஒரு கிணற்றில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியது, பக்கத்துக் கிணற்றில் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கிணற்றின் ஆழமா, பாறையின் வகையா, பருவமா என்பதை 60 கிணறுகளில் மூன்று பருவங்களில் அளந்து கண்டறிவோம்."

தண்ணீரும் ஃபுளோரைடும் நீங்கள் எழுதியவைதான், ஆனால் இப்போது ஒரு கேள்வி வந்துவிட்டது. "ஒரே தெருவில்" என்று உங்கள் பின்னிணைப்பில் ஒரு மூலையில் கிடந்ததைத்தான் முன்னால் எடுத்துப் போட்டேன். நீங்கள் கேட்ட புதுமை அங்கேதான் இருந்தது. 1.5 என்பது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் உச்சம், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது மட்டும். விரும்பத்தக்க அளவு 1.0. இரண்டையும் குழப்பாமல் எழுதுங்கள், தெரிந்தவர் கண்ணில் அது உடனே படும்.

பருவத்தையும் நம் ஊர் கணக்கில் சொல்லுங்கள். கேரளம் என்றாலே கொட்டும் மழை என்று டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் நினைப்பார். இந்தக் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், நிலத்தடி நீரை மிதமிஞ்சி உறிஞ்சும் பகுதி என்று இரண்டு வரி எழுதினால்தான் ஏன் இங்கே என்பது அவருக்குப் பிடிபடும்.

கே: அதே ஆள்தான் அக்கா. பட்ஜெட் 5 லட்சம் போட்டிருந்தேன். ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்), ஒரு லேப்டாப், மிச்சம் ரசாயனம். இது சரியா?

ப: கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. பன்னிரண்டு மாதத்துக்கு 4,44,000. வீட்டு வாடகைப் படி அதற்கு மேலே. 5 லட்சத்தில் அந்தப் பையனுக்குச் சம்பளம் கொடுத்த பிறகு லேப்டாப் எதில் வாங்குவீர்கள், கிணற்றுக்குப் போகப் பெட்ரோல் எதில் போடுவீர்கள்?

சின்ன புராஜெக்ட்டில் முழுநேர ஆள் வைக்காதீர்கள். திட்ட விதி அனுமதித்தால் களப்பணிக்கு நாள் கணக்கில் ஒரு ஆள் போதும். 60 கிணறு, மூன்று பருவம் என்றால் 180 மாதிரிகள். ஃபுளோரைடைக் கல்லூரியிலேயே எலக்ட்ரோடு வைத்து அளக்கலாம். மற்ற அயனிகளை வெளி ஆய்வகத்தில் கொடுத்து, மாதிரிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 72,000 ஆகிறது. "180 × 400" என்று அப்படியே எழுதுங்கள். "ரசாயனம் மற்றும் பிற: 1,50,000" என்று மொட்டையாக எழுதினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி வெளியாருக்குக் கிடைக்கும் என்பதை மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்திலும் வெளியாருக்கு மாதிரி சோதித்துக் கொடுக்கும் கருவி மையம் இருக்கிறது. சொந்தமாகக் கருவி கேட்பதைவிட இது நடக்கிற காரியம்.

லேப்டாப்பை எடுத்துவிடுங்கள். கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்பார்கள்.

கே: நான் தமிழ் கற்பிக்கிறேன். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பேச்சுவழக்கைப் பதிவு செய்ய ஆசை. செம்மொழி நிறுவனத்தில் நிதி கிடைக்குமா?

ப: செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அக்கறை பழந்தமிழ் நூல்களில். தொல்காப்பியம், சங்க இலக்கியம், காப்பியங்கள் என்று 41 நூல்கள் அவர்கள் பட்டியல். "எங்கூட்டுக்காரரு" என்று பேசும் வழக்கைச் சங்கப் பாட்டோடு இழுத்து முடிச்சுப் போட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

உங்கள் தலைப்பை இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்பவர்களின் சமூகம் பற்றிய ஆய்வாக எழுதினால் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., பொருந்தும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்று வளரும் பிள்ளைகள் எந்தச் சொல்லை எங்கே மாற்றிக்கொள்கிறார்கள் என்பது நல்ல கேள்வி. அட்டப்பாடிப் பக்கம் இருளர், முடுகர் மொழிகளுக்குப் போவதென்றால் அருகிவரும் மொழிகளைப் பதிவு செய்ய நிதி தரும் வெளிநாட்டுத் திட்டங்களும் உண்டு. ஆனால் பழங்குடி ஊர்களுக்குள் ஆய்வுக்குப் போகப் பழங்குடியினர் மேம்பாட்டுத் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்கவேண்டும். கோழிக்கோட்டிலுள்ள கிர்டாட்ஸ் என்ற பழங்குடியினர் ஆய்வு நிறுவனத்தில் முதலில் பேசிவிடுங்கள் டீச்சர்.

கே: பி.எச்டி. மாணவன். சித்தூர் தாலுகாவின் பாசன வரலாறு என் தலைப்பு. பயணச் செலவுக்கு எங்கே கேட்பது?

ப: இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பயண நிதி இருக்கிறது, அதைப் பாருங்கள். அதைவிட முக்கியமான விஷயம், எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்று ப்ரொபோசலிலேயே காட்டுவது. பாலக்காடு பழைய மலபார் மாவட்டம், சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூரோ கொச்சி ராஜ்ஜியத்தின் துண்டு. ஆக, ஒரே ஆற்றின் இரண்டு கரைக் காகிதங்கள் இரண்டு ஊர்களில் கிடக்கின்றன. கொச்சிப் பக்கத்துக்கு எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகம், மலபார்ப் பக்கத்துக்குக் கோழிக்கோடு, கூடவே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பங்கிட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்பது அதில் வருகிறது. உங்கள் கதை அங்கே முடிகிறதா, அங்கிருந்து தொடங்குகிறதா என்று முடிவு பண்ணுங்கள். பிறகு எர்ணாகுளம் 20 நாள், கோழிக்கோடு 15 நாள், சென்னை 15 நாள் என்று பிரித்துப் போட்டால், வேலை தெரிந்த பையன் என்று புரிந்துகொள்வார்கள்.

கே: குழந்தைகள் பிறந்து எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டேன். பி.எச்டி. முடித்திருக்கிறேன். இனி யாராவது நிதி தருவார்களா?

ப: தருவார்கள் அம்மா. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் பெண்களுக்கென்றே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பிரிவு இருக்கிறது. இடைவெளி விட்ட பெண்களுக்குக் கேரளக் கவுன்சிலிலும் 'பேக் டு லேப்' என்று ஒன்று உண்டு. இடைவெளியை மறைத்து எழுதாதீர்கள், அந்தத் திட்டமே அதற்காகத்தான். வழிகாட்டியாக ஒருவர், இடம் தர ஒரு நிறுவனம், இரண்டையும் முதலில் பிடியுங்கள். எட்டு வருஷத்துக்கு முந்தைய தலைப்பையே தூசி தட்டி அனுப்பாமல், இடையில் அந்தத் துறையில் என்ன வந்திருக்கிறது என்று இரண்டு மாதம் படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: 10 சதவீதம் கொடுத்தால் நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார்.

ப: பிளாக் பண்ணுங்கள்.

கே: வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நேரடியாகக் கல்லூரிக்குப் பணம் அனுப்பத் தயார். வாங்கலாமா?

ப: உங்கள் கல்லூரியை நடத்துவது ஒரு டிரஸ்ட் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். முதலில் டிரஸ்ட்டின் ஆடிட்டரைப் பாருங்கள். நன்றிக் கடிதமெல்லாம் அதற்கு அப்புறம்.

கே: புராஜெக்ட் நன்றாகப் போகிறது, இரண்டாம் தவணை மட்டும் வரவில்லை. யூ.சி. கேட்கிறார்கள். அது அலுவலகத்தின் வேலை இல்லையா?

ப: கையெழுத்து அலுவலகத்துடையது, தலைவலி உங்களுடையது. யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது பொது நிதி விதிகளின் 12-ஏ படிவம். வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நிதியாண்டு வாரியாகக் காட்ட வேண்டும். கிடைத்த வட்டி நம்முடையது இல்லை, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். தாவரவியல்காரர் ஒருவர் 3,200 ரூபாய்க்கு ஒரு சின்னத் தராசு வாங்கினார். நுகர்பொருள் ஹெட்டில், அதாவது அந்தச் செலவுத் தலைப்பில், பணம் இருந்தது, அதில் எழுதிவிட்டார். பில்லை நான்தான் பார்த்து மேலே அனுப்பினேன். தராசு நுகர்பொருள் ஆகாது, கருவி. தணிக்கையில் பிடித்தார்கள். விளக்கம் எழுதி, ஹெட் மாற்ற அனுமதி கேட்டு, பதில் வந்து, யூ.சி. போக ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் அவரிடம் வேலை பார்த்த பெண்ணுக்கு உதவித்தொகை இல்லை. ஐந்தாவது மாதம் அந்தப் பெண் ஒரு பள்ளியில் வேலைக்குப் போய்விட்டது. தவறு என் மேசையில்தான் நழுவியது. அதற்குப் பிறகு எந்த பில் வந்தாலும், இது எந்த ஹெட் என்று பென்சிலால் ஓரத்தில் குறிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே மார்ச் வரை காத்திருக்காமல், மாதம் ஒருமுறை அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய் உங்கள் நோட்டையும் அவர்கள் லெட்ஜரையும் ஒத்துப் பாருங்கள். போகும்போது இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனால் தப்பில்லை.

கே: இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். மூன்றாம் முறை அனுப்பலாமா, அதே நிறுவனத்துக்கே?

ப: மதிப்பீட்டாளர் குறிப்புகள் வந்தனவா? வராவிட்டால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், சில இடங்களில் தருவார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். அரைப் பக்கம் நிரம்பினால் அதே இடத்துக்கு அனுப்புங்கள். நாலு வரியோடு நின்றுவிட்டால் இன்னும் மாற்றவில்லை என்று அர்த்தம். அந்த அரைப் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். முழு ப்ரொபோசலை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது.