பேனலைப் பார்த்தீர்கள், போல்ட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி (குமரி மாவட்டம் முட்டத்திலிருந்து): வீட்டு மாடியில் நின்றால் அலை அடிப்பது தெரியும். 3 கிலோவாட் சோலார் போட இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். பேனல் ஒரே கம்பெனி, இன்வெர்ட்டரும் ஒன்றுதான். ஆனால் விலையில் 22 ஆயிரம் வித்தியாசம். குறைந்த விலைக்காரரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: பேனலும் இன்வெர்ட்டரும் ஒன்று என்றால் அந்த 22 ஆயிரம் பெரும்பாலும் ஸ்ட்ரக்சரில்தான் ஒளிந்திருக்கும். அதாவது பேனலைத் தாங்கும் சட்டம், அதன் நட்டு, போல்ட். உங்கள் வீட்டுக்கு அதுதான் உயிர்.

இதில் நானே ஏமாந்தவன். என் வீடு கடலிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே. மூன்றாம் வருடம் பேனல் கழுவ மேலே போனபோது, ஒரு நட்டு லூசாக இருக்கிறதோ என்று ஸ்பானரை வைத்துத் திருகினேன். நட்டு அசையவில்லை; போல்ட்டின் தலை தனியாகக் கையில் வந்தது. உள்ளே செங்கல் பொடிபோலத் துரு. பேனல் மட்டும் நேற்று வாங்கியதுபோல மின்னிக்கொண்டிருந்தது. போட்டுக்கொடுத்தவர் "எல்லாம் எஸ்.எஸ். சார்" என்றுதான் சொல்லியிருந்தார்.

எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத ஸ்டீலிலும் ரகம் உண்டு. 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். 304 அந்த அளவுக்குத் தாங்காது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது, நல்ல எஸ்.எஸ். போல்ட்டும் கொஞ்சம் ஒட்டும். போல்ட்டின் தலையைப் பாருங்கள்: 'ஏ2' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தால் 304, 'ஏ4' என்றிருந்தால் 316. உங்களுக்கு ஏ4 வேண்டும். எந்த எழுத்தும் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

சட்டம் 80 மைக்ரான் ஹாட் டிப் ஜி.ஐ. (உருகிய துத்தநாகத்தில் முக்கி, அந்தக் கனத்துக்குப் பூச்சு ஏற்றிய இரும்பு) என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். துத்தநாகம் பூசி வந்த குழாயை மாடியில் வைத்து அறுத்து, துளை போட்டால் அந்த அறுத்த வாயில்தான் துரு முதலில் பிடிக்கும். அளவெடுத்து, வெட்டி, துளையிட்ட பிறகு முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். பேனலுக்கு ஐ.இ.சி. 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனைச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். பெரிய கம்பெனிகள் பலவும் அதை வைத்திருக்கின்றன. அப்புறம், சட்டத்தின் கால்களைச் சும்மா கான்கிரீட் கட்டைமேல் உட்காரவைக்காமல் தளத்தோடு பிணைக்கச் சொல்லுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்ததை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

இத்தனையும் எழுதிக்கொடுக்கக் குறைந்த விலைக்காரர் சம்மதித்தால் அவரிடமே போடுங்கள். மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி (குலசேகரம் பக்கத்திலிருந்து): வீட்டைச் சுற்றித் தென்னைதான். "ஹாஃப் கட் பேனல் போட்டால் நிழல் ஒரு பிரச்சினையே இல்லை" என்கிறார் டீலர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பேனலுக்குள் செல்களை மாலைபோல வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தச் சரம் முழுவதும் கரண்ட் இறங்கும். அதைத் தாண்டிப்போகத்தான் பைபாஸ் டயோடு, ஒரு பேனலுக்கு வழக்கமாக மூன்று. ஒற்றை ஓலை ஒரு மூலையை மறைத்தாலே பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். ஹாஃப் கட்டில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனி என்பதால் நட்டம் குறையும். குறையும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரம் 50 அடி, மாடி 12 அடி என்றால் மரம் மாடிக்கு மேல் 38 அடி நிற்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சிவேளையிலேயே நிழல் வடக்கே சுமார் 23 அடி விழும். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அப்போது உச்சி நிழல் தெற்கே 10 அடிதான். ஆக, வீட்டுக்குத் தெற்கே நிற்கும் மரம்தான் வில்லன். காலை 9, மதியம், மாலை 3 மணிக்கு மாடியில் நிழலைப் போட்டோ எடுத்து வையுங்கள். இப்போது நிழல் இல்லை என்பதால் மார்கழியிலும் இராது என்று நினைக்காதீர்கள்.

"தெற்குப் பார்த்து 30 டிகிரி சாய்க்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், அவர் வட இந்தியக் கணக்கை ஒப்பிக்கிறார். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. 10 டிகிரி போதும், அதுவும் மழைநீர் தூசியைக் கழுவி ஓடட்டும் என்பதற்காக.

கேள்வி (தக்கலையிலிருந்து): இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் ஓடுகிறது. 78 ஆயிரம் மானியம் முழுசாகக் கிடைக்கும், 3 கிலோவாட்டே போடுங்கள் என்கிறார்கள். கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமாமே?

பதில்: ஒன்றிய அரசின் 2024 திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2-க்கு 60 ஆயிரம், 3-க்கு 78 ஆயிரம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18 ஆயிரம்தான், பார்த்தீர்களா? ஒரு கிலோவாட் நம் ஊரில், இரண்டு மழைக்காலத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒரு நாளைக்கு மூன்றரையிலிருந்து நான்கு யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 210 முதல் 240. உங்களுக்கு ஏற்கெனவே 100 யூனிட் இலவசம்; மீதி 220-தான். ஏ.சி. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் 1 கிலோவாட் போதும், 2 தாராளம்.

ஃபேன் ஓடாது. ஈபி லைனோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், ஈபி கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் கட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அது வேறு விலை.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து): வெயிலைக் கரண்டாக்கும் திறன் ஆராய்ச்சியில் 34 சதவீதம் வரை வந்துவிட்டதாமே. இரண்டு வருடம் பொறுத்து வாங்கினால் என்ன?

பதில்: அது வழக்கமான சிலிக்கான்மேல் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு படிகப் பொருளை அடுக்காக வைத்த செல். சீனாவின் லாஞ்சி கம்பெனி 2024-ல் 34.6 சதவீதம் காட்டியது உண்மைதான். ஆனால் அது ஆய்வகத்தில், விரல் நகம் அளவுள்ள துண்டில். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் வெக்கையும் ஆகாது; நம் ஊரில் இரண்டுக்கும் குறைவே இல்லை. இன்று கடையில் கிடைக்கும் பெர்க் (PERC) ரக சிலிக்கான் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-லேயே ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழு அதில் 22.8 சதவீதம் காட்டிவிட்டது. அது நம் மொட்டை மாடிக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பொறுத்திருக்கும் இரண்டு வருடமும் ஈபி பில் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். இப்போதே வாங்குவதென்றால் டாப்கான் (TOPCon) ரக செல் உள்ள பேனல் கேளுங்கள். சூட்டில் அதன் உற்பத்தி பெர்க்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும். மானியம் வேண்டுமானால் பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும்; அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.